ஓடும் நிலுவை

நாக்தேவித் தெரு, இரண்டாம் மாடி,
போல்ட்டும் நட்டும் மொத்தமாக விற்கிற கம்பெனி.
ஜன்னலோரக் கணினியில்
ஒரே ஒரு கோப்புக்குள்
பதினோரு வருடத்து வியாபாரம்.
ஆளுக்கொரு விலை, பிராண்டுக்கொரு கழிவு,
நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வரிகள்.

எழுதிக் கொடுத்தவள் நான்தான்.
ஜி.டி.பி. நகரில் ஏறி மஸ்ஜித்தில் இறங்கி
வாரம் இரண்டு நாள் வந்துபோன காலம்.
அன்றைக்குத் தெரிந்த வித்தை ஒன்றே:
முதல் வரிக்குப் போ.
படி. மாற்று. சேமி. அடுத்தது.
ரேஷன் கடை வரிசை மாதிரி
ஒவ்வொரு போல்ட்டாக வந்து நின்று
கைநாட்டு வைத்துப்
புதுவிலை வாங்கிப் போகும்.

நாற்பது நிமிடம்.

பட்டனை அழுத்திவிட்டு மந்தாதாயி
செருப்பைக் கழற்றுவாள்,
காலை எதிர் ஸ்டூலில் நீட்டுவாள்,
நாசிக்கில் இருக்கும் மகளைக் கூப்பிடுவாள்.
நீலப் பட்டை ஊர்ந்துகொண்டிருக்கும்.
"பன்னெண்டு சதவீதம்தான் ஆச்சு, நீ சொல்லு."

இந்த மார்ச்சில் தரம்சிபாய் அழைத்தார்.
"புது மெஷின் வாங்கியாச்சு,
அப்பவும் அதே நாற்பதா?"
நிரலைத் திறந்தேன்.
பழைய குரூப் போட்டோவில்
தன் தலையலங்காரத்தைப் பார்க்கிற கூச்சம்.

அறுபத்தேழு வரி.
அழிக்க மனம் வரவில்லை.
ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஒற்றை மேற்கோள்குறி வைத்தேன்,
பச்சையாகி உறங்கிப்போயின.
கீழே ஒரு க்வெரி, மூன்றே வரி:
இந்த பிராண்டு, இந்தத் தேதிக்குப் பிறகு,
ஏழு சதவீதம் ஏற்று.
எப்படிப் போவாய் என்று கேட்கவில்லை.
தேதிக்கு மட்டும் ஓர் இண்டெக்ஸ் போட்டேன்.

ஒன்பது வினாடி.

நம்பாமல் மறுபடி ஓட்டியதில்
ஏழின் மேல் ஏழு ஏறிவிட்டது.
நல்லவேளை, நகல் இருந்தது.

வெற்றி மண்டைக்கு ஏறிய சாயங்காலம்
எல்லா லூப்பையும் ஒழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.
பாக்கிக் கணக்கில் கைவைத்தேன்:
ஒவ்வொரு பில்லுக்கும் நேரே
அதுவரையிலான நிலுவை.
ஒரே க்வெரியில் கேட்டேன்.
ஒவ்வொரு வரியும் திரும்பி நின்று
முதல் பில்லில் இருந்து கூட்டத் தொடங்கியது.
நூறாவது வரி நூறை எண்ணியது.
நூற்றியோராவது வரி
பக்கத்து வரியிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல்
மறுபடி ஒன்றிலிருந்து.
திரை வெளுத்தது. காவலாளி வந்து பார்த்துவிட்டுப் போனான்.
ஒன்றே கால் மணி நேரம் கழித்து
நானாகவே கொன்றேன்.

பிறகு பழைய வித்தை:
முதல் வரிக்குப் போ.
நிலுவையைக் கையில் எடுத்துக்கொள்.
வந்ததைக் கழி, போனதைக் கூட்டு, எழுது, நட.
பின்னால் திரும்பாதே.
இருபத்திரண்டு வினாடி.
நடந்து போகிறவனுக்கு
போன வீட்டுக் கணக்கு ஒன்று நினைவிருந்தால் போதும்.

கடைசி வண்டிக்கு ஓடினேன்.

ஏப்ரலில் விலை மறுபடி ஏறியது.
மந்தாதாயி பட்டனை அழுத்தினாள்,
செருப்பைக் கழற்றினாள்,
எண்ணைத் தேடினாள்.
மணி அடிக்கும் முன்பே
'முடிந்தது' என்று பெட்டி வந்து நின்றது.
போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.
செருப்புக்குள் காலை நுழைத்தாள், ஒன்று, பிறகு மற்றொன்று.
"நல்லா வேகமா இருக்கு," என்றாள்.
தரம்சிபாய் உள்ளேயிருந்து
அடுத்த கட்டு பில்லை அனுப்பிவைத்தார்.

படியிறங்கும்போது பின்னாலேயே வந்தாள்.
"அந்தப் பழசை முழுசா எடுத்துட்டியா?"

எடுக்கலை தாயி.
அங்கேதான் இருக்கு.
வரிக்கு ஒரு குறி,
அறுபத்தேழு குறி.